ரசீதில் இருக்கும் இரண்டாவது வரி

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டு வரியைக் கட்டிவிட்டு வரச் சொன்னார் அம்மா. மேலூர் பக்கம் சின்ன ஊர். பஞ்சாயத்து ஆபீஸ் மந்தைக்கு எதிரேதான். ரசீதை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் வரியில் வீட்டு வரி இவ்வளவு. அதற்குக் கீழே நூலக வரி இவ்வளவு.

"நூலக வரியா? எந்த நூலகத்துக்குடா? நம்மூரு லைப்ரரி பூட்டிக் கெடந்து எத்தனை வருசமாச்சு?"

"ஏதோ கவர்மெண்டுக்குப் போகும்மா" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் பெயிண்ட் உதிர்ந்த ஒரு கட்டடம், மேலே 'நூலகம்' என்று எழுத்து, கீழே துருப்பிடித்த பூட்டு. திண்ணையில் ஆடு படுத்திருக்கும். அதற்குத்தான் வருஷா வருஷம் வரி கட்டுகிறோமா?

இல்லை. நூலக வரிக்கும் அந்தப் பூட்டின கட்டடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு துறைகள் கொண்டுவந்தவை. தமிழ்நாட்டுக் கிராம நூலக வரலாற்றில் இந்த ஒரு முடிச்சைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் வரி. தமிழ்நாட்டில் நீங்கள் மாநகராட்சியில் இருந்தாலும் ஊராட்சியில் இருந்தாலும், சொத்து வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நூலக வரி சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, ஆனால் பணம் அதற்குச் சொந்தமில்லை. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். மதுரை மாவட்டத்துக்கு என்று ஒரு ஆணைக்குழு, அதற்கு ஒரு நிதி. சிம்மக்கல்லில் இருக்கும் மாவட்ட மைய நூலகம், ஊர் ஊராக இருக்கும் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் எல்லாம் இந்தக் குடைக்குக் கீழேதான்.

இதற்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். 1950-ல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். (சுதந்திரத்துக்கு முன்னாடி கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945-ல் ஒன்று இருந்தது. 'இந்தியாவிலேயே முதல்' என்று சொல்லுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.) அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன்.

ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். விருப்பமில்லாமல்தான் வந்து சேர்ந்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அந்த வேலைக்குப் பயிற்சி எடுக்க லண்டன் போனபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. அங்கே ஒரு சாதாரணத் தொழிலாளி வீதி முனை நூலகத்தில் போய்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறான், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. காரணம், அங்கே 1850-லேயே நூலகச் சட்டம் வந்து, சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரை நூலகத்துக்கு என்று வரி போடும் அதிகாரம் ஊர் மன்றங்களுக்குக் கிடைத்திருந்தது. புத்தகத்தைத் தருகிற ஜமீன்தாரோ தர்மகர்த்தாவோ வேண்டாம், வரி கட்டுகிறவனுக்கு அது உரிமை என்கிற எண்ணத்தை அவர் அங்கிருந்துதான் எடுத்துவந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து மதுரையில் நூலகம் இல்லாமலில்லை. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியபோது அதோடு பாண்டியன் புத்தகசாலையும் வந்தது. ஏட்டுச்சுவடி, அச்சுநூல், புலவர்கள், தேர்வுகள் என்று பெரிய காரியம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் நகரத்துப் பெரியவர்களுக்கு வாசகசாலை இருந்தது. அந்தக் கட்டடத்திலேயேதான் பிற்பாடு ரீகல் தியேட்டரும் ஓடியது. ஆனால் ஒன்று புலவருக்கு, மற்றொன்று வக்கீலுக்கு. உசிலம்பட்டியிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறவருக்கு மதுரையில் கிடைத்த புத்தகம் புதுமண்டபத்துக் கடைகளில் விற்ற பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைகளும்தான். அதில் எனக்கு இளக்காரம் எதுவும் இல்லை. ஒருத்தர் ராகம் போட்டுப் படிக்க இருபது பேர் கேட்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் ரொம்ப நாள் இருந்தது. 1942-ல் ஆதித்தனார் 'தினத்தந்தி'யை மதுரையில்தான் ஆரம்பித்தார். டீக்கடை பெஞ்சில் ஒரு பேப்பரை எட்டாகப் பிரித்து எட்டுப் பேர் படிக்கிற காட்சி அதற்குப் பிறகு வந்தது. கட்சிகள் நடத்திய படிப்பகங்கள் இன்னொரு பக்கம். கொடிக்கம்பம், கீற்றுக் கொட்டகை, ரெண்டு பெஞ்சு, தலைவர் படம், நாலு பத்திரிகை. கட்சி பலமாக இருக்கும்வரை படிப்பகமும் இருக்கும். உள்ளூர்ச் செயலாளர் கட்சி மாறினால் பெஞ்சும் மாறும்.

இந்த எல்லாவற்றிலும் ஒரு பொதுவான பலவீனம் இருந்தது. யாரோ ஒருத்தருடைய நல்ல மனசை நம்பித்தான் நடந்தது. வீட்டில் புத்தகம் எடுத்துப் போகிற வழியும் கிடையாது.

ரங்கநாதன் இதற்கு மருந்தாகச் சட்டத்தை நினைத்தார். 1930 டிசம்பரில் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். ஆனால் சட்டம் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1928-ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம் ஊர் ஊராகப் பிரசாரம் பண்ணியது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மன்னார்குடி மாட்டுவண்டி.

ஓய்வுபெற்ற இன்ஜினியர் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை. அவர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக வடிவமைத்தார். 1931 அக்டோபர் 21-ஆம் தேதி, மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்தில் ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். வண்டி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகும், புத்தகங்களைக் கொடுக்கும், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொண்டு வேறு கொடுக்கும். அதற்கு முன்னால் பரோடா சமஸ்தானத்தில் மகாராஜா சாயாஜிராவ் 1910 வாக்கில் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்கிற நூலகரை வரவழைத்து, மரப்பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்புகிற ஏற்பாட்டை நடத்தியிருந்தார். ஆனால் அங்கே மகாராஜாவின் கஜானா இருந்தது. இங்கே பென்ஷன் வாங்குகிற ஒரு இன்ஜினியரும் ரெண்டு மாடும்.

1931 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அந்த நிலையில் முதலில் கட்டடம் கட்டவில்லை, புத்தகத்தை ஆளிடம் கொண்டுபோனார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதே 1931-ல்தான் ரங்கநாதனின் ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன.

சட்டம் வந்தபோது வரி எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய் சொத்து வரிக்கு ஆறு தம்பிடி, அதாவது அரை அணா. இன்றைய கணக்கில் மூணு பைசாவுக்குக் கொஞ்சம் மேல். படிப்படியாக உயர்ந்து இப்போது பத்து பைசாவில் நிற்கிறது.

வரி விகிதத்தைவிட முக்கியம், அது எங்கே சேர்கிறது என்பதுதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு மனக்கணக்குப் போடலாம். ஒரு கிராமத்தில் 500 வீடு, வீட்டுக்குச் சராசரியாக 100 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,000. நூலக வரி 5,000 ரூபாய். இரண்டு தினசரிப் பத்திரிகைக்கு வருஷம் முழுக்கக் காசு கொடுத்தால் தீர்ந்துபோய்விடும். புத்தகம் எங்கே, வாடகை எங்கே, உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சம்பளம் எங்கே? ஆக, அந்தந்த ஊர் வரியை அந்தந்த ஊரிலேயே வைத்துக்கொள் என்று சட்டம் சொல்லியிருந்தால் மதுரை நகரத்தில் ஒரு நல்ல நூலகம் இருந்திருக்கும், வாடிப்பட்டியில் ஒரு அறை இருந்திருக்கும், அதைத் தாண்டி ஒன்றும் இருந்திருக்காது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாவட்டம் முழுவதும் வசூலாவது ஒரே நிதியில் சேருகிறது. மாசி வீதியில் மூணு மாடி ஜவுளிக்கடை கட்டுகிற சொத்து வரியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல்தொகை அந்த நிதிக்குப் போகிறது. அதே நிதியிலிருந்துதான் சோழவந்தானுக்கும் பேரையூருக்கும் புத்தகம் போகிறது. இது போதாதென்று, வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசாங்கமும் ஆண்டுதோறும் போட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதிலும் சென்னை நகரத்துக்கு மட்டும் அந்த மானியம் கிடையாது. 'உன்கிட்ட பணம் இருக்கு, நீ பாத்துக்கோ, நாங்க மத்த மாவட்டத்தைப் பாக்குறோம்' என்று சொன்ன மாதிரி. நகரம் கிராமத்துக்குக் கொடுக்கிற ஏற்பாட்டை இவ்வளவு சத்தமில்லாமல் செய்த சட்டம் எனக்குத் தெரிந்து வேறு குறைவு.

இதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமையில் நெ.து.சுந்தரவடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு. காமராஜர் ஆட்சி வந்த 1954-ல் பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். அந்தப் பதவியில் இருப்பவரே பொது நூலகங்களுக்கும் இயக்குநர் என்பது அப்போதைய ஏற்பாடு. மதிய உணவுத் திட்டத்தோடு அவர் பெயர் சேர்ந்து நினைவுக்கு வருகிற அளவுக்கு நூலகங்களோடு வருவதில்லை, அது ஒரு குறை. கிளை நூலகங்கள் பெருகியது அவர் காலத்தில்தான். கிளை வைக்க முடியாத சிற்றூர்களில், புத்தகம் வழங்கும் நிலையம் என்று ஒரு எளிய ஏற்பாடு. பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு அலமாரி, சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம் உள்ளூர்க்காரர் ஒருத்தர் திறந்துவைப்பார். 1972-ல் பொது நூலகத்துக்குத் தனித் துறையே வந்தது. இன்று மாநிலம் முழுவதும் எல்லா வகையும் சேர்த்து 4,600-க்கும் மேல் நூலகங்கள் இந்தத் துறையின் கீழ் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 1,900 ஊர்ப்புற நூலகங்கள்.

ஒரு இடைச்செருகல். மாவட்டத்தை நம்பிய நிதி என்பதால், மாவட்டம் பிரிகிறபோது நிதியும் பிரிகிறது. பழைய மதுரை மாவட்டத்தில் கொடைக்கானல் மலையும் கம்பம் பள்ளத்தாக்கும் அடக்கம். 1985-ல் திண்டுக்கல் தனியாகப் போனது, பிறகு 1990களில் தேனி. மதுரை நகரத்தின் சொத்து வரி ஒரு காலத்தில் போடிக்கும் பழனிக்கும் போய்க்கொண்டிருந்தது, இப்போது போவதில்லை. மாவட்டப் பிரிப்பைப் பற்றிப் பேசும்போது கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்ததைப் பேசுகிறோம், இதை யாரும் பேசுவதில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. இத்தனை ஆயிரம் நூலகங்களுக்கு மொத்தமாகப் புத்தகம் வாங்குவதால், தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் நூலகத் துறைதான். 'நூலக ஆணை கிடைச்சிருச்சா?' என்பது பதிப்பாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி. பக்கத்தை வைத்து, பாரம் கணக்கில் விலை போடுகிற முறை. அதனால் நல்ல புத்தகமும் வந்தது, ஆணைக்காகவே அச்சடித்த குப்பையும் வந்தது. கிராம நூலகத்தில் ஒரு அலமாரி நிறைய யாருமே தொடாத கட்டுரைத் தொகுப்புகள் நிற்பதன் ரகசியம் இதுதான்.

சரி, அந்தப் பூட்டின கட்டடம்?

அது அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். 2006-ல் தொடங்கி ஐந்து வருஷத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டது. ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய். குளம், குடிதண்ணீர், சுடுகாடு, விளையாட்டுத் திடல் இவற்றோடு ஊருக்கு ஒரு நூலகக் கட்டடம். ஆசை பெரிய ஆசை. நூலகத் துறை அறுபது வருஷத்தில் தொட முடியாத ஊர்களுக்கெல்லாம் ஐந்தே வருஷத்தில் நூலகம். கணக்குப்படி பார்த்தால் நூலகத் துறையின் மொத்த நூலகங்களைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

ஆனால் இது ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம். கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். திறந்துவைக்க உள்ளூரில் ஒருத்தரைச் சொற்ப மதிப்பூதியத்தில் போட்டார்கள். ரசீதில் இருக்கிற நூலக வரி இதற்கு வராது, அது நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. திட்டத்தின் பணம் கட்டடத்தோடு, முதல் தவணைப் புத்தகத்தோடு முடிந்தது. பிறகு புதுப் புத்தகத்துக்கு நிச்சயமான வழி இல்லை. அந்த ஆள் வேலையை விட்டார், சாவி பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனது, மழை ஒழுகியது, எங்கள் ஊரில் நூலகம் சிமெண்டு மூட்டை வைக்கிற அறையானது. பல ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். நன்றாக நடக்கிற இடங்களும் இருக்கின்றன, அங்கே விசாரித்தால் பிடிவாதமான ஒரு தலைவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ இருப்பார். பழுதுபார்க்க அண்மையில் மறுபடி நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். பழுது பார்த்தபிறகு யார் திறப்பார் என்பதுதான் என் கேள்வி.

ஆண்ட்ரூ கார்னகி என்ற இரும்பு முதலாளி உலகம் முழுக்க 2,500-க்கும் மேல் நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் பொதுவாக ஒரு நிபந்தனை வைத்தார். நிலம் ஊர் தர வேண்டும், கட்டடத்துக்குக் கொடுக்கிற தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் வரிப்பணத்திலிருந்து நூலகத்தை நடத்தச் செலவழிப்போம் என்று ஊர் மன்றம் உறுதி தர வேண்டும். தராத ஊருக்குப் பணம் இல்லை. மூணு லட்சத்தில் எங்கள் ஊர்க் கட்டடம் என்று வைத்துக்கொண்டால், கார்னகி கணக்குப்படி வருஷம் 30,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அதைப் பற்றிய ஒரு வரி திட்டத்தில் இருந்திருந்தால் ஆடு திண்ணையில் படுத்திருக்காது.

வரி வழியில் வந்த நூலகங்கள் மட்டும் சொர்க்கம் என்று சொல்லவில்லை. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரியை நேரத்துக்கு ஆணைக்குழுவிடம் கட்டுவதில்லை என்பது மாநிலம் முழுக்கப் பழைய புகார். நீங்கள் கட்டுகிற பத்து பைசா, தெரு விளக்குக்கோ சம்பளத்துக்கோ போய்விட்டு, நிலுவை என்று ஏட்டில் நிற்கிறது. பல நூலகங்கள் வாடகைக் கட்டடத்தில், அல்லது ஊர்க்காரர் இனாமாகக் கொடுத்த அறையில். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகிறவர்கள் பெயர்ப்பலகை நீளமாக இருக்கும், மின்விசிறி ஒன்றுதான் சுற்றும். அப்படியும் அவை திறந்திருக்கின்றன. காரணம், துறை என்று ஒன்று இருக்கிறது, பொறுப்பான ஆள் என்று ஒருத்தர் இருக்கிறார், வராவிட்டால் கேட்க மேலே ஒருத்தர் இருக்கிறார்.

இடம் என்பதும் லேசான விஷயமில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நூலகம் பெரும்பாலும் மந்தையை ஒட்டித்தான் இருக்கும். மந்தையில் ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அக்கா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் நூலகத்துக்குள் ஒரு தரம்கூடப் போனதில்லை, நான்தான் எடுத்துவந்து கொடுப்பேன். உறுப்பினர் அட்டை என் பெயரில், படித்தது அவள். காலனிப் பிள்ளைகள் மந்தையைத் தாண்டி வந்து ஊர்க்காரர்கள் மத்தியில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது இன்னும் கஷ்டம். சட்டத்தில் எல்லோருக்கும் திறந்த கதவுதான், கதவுவரை நடந்துவர வேண்டிய தெருவைச் சட்டம் எழுதவில்லை. இதற்காகத்தான் மாட்டுவண்டியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வண்டி தெருவுக்குத் தெரு நிற்கும்.

2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளில், புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல், ஏசி, லிஃப்ட், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் போனேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் பேச்சுக்கொடுத்தால் கொட்டாம்பட்டி, செக்கானூரணி, கள்ளிக்குடி என்று ஊர்ப் பெயர் வருகிறது. சாப்பாட்டுத் தூக்கோடு காலைப் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புகிறார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை.

அம்மாவிடம் இதை எல்லாம் சொன்னேன், சுருக்கமாகத்தான். "அப்ப நாம கட்டுறது வேற எங்கயோ இருக்குற லைப்ரரிக்கா?" என்றார். ஆமாம், பக்கத்து ஊரில் இருக்கிறது, ஊர்ப்புற நூலகம், மூணு கிலோமீட்டர். "அப்பன்னா போய் ஒரு புஸ்தகம் எடுத்துட்டு வா. காசு குடுத்துருக்கோம்ல."

மறுநாள் போனேன். வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு வார விடுமுறை என்று அங்கே போய் நின்றபிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை திரும்பப் போனபோது ஒரே அறை, இரும்பு அலமாரிகள், தினசரியைச் சுற்றி நாலு பெரியவர்கள். நூலகர் அம்மா பெயரில் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தார். எழுத்து பெரிசாக இருக்கிற புத்தகமாகப் பார்த்து நானும் அவரும் கால் மணி நேரம் தேடினோம். கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் எனக்கு முன்னால் அதை எடுத்தவர் திருப்பித் தர வேண்டிய தேதி, 2014-ல் ஏதோ ஒரு மாசம். அதற்குக் கீழே புதுத் தேதியை முத்திரை குத்தினார்.

அம்மா இன்னும் முடிக்கவில்லை. தேதி தாண்டிவிட்டது. அபராதம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.